தொகுதியும் பகுதியும்

ஹார்வி புயலின்போது எங்கள் வீட்டுக்குள் நின்ற தண்ணீரின் உயரம் 29 அங்குலம். 2017 ஆகஸ்ட் கடைசி வாரம். காற்று எங்களை ஒன்றும் செய்யவில்லை. புயல் கரையைக் கடந்த ராக்போர்ட், டெக்சஸில் நாங்கள் இருக்கும் ஹூஸ்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரம். மழைதான் வந்த இடத்தை விட்டு நகராமல் நின்று பெய்தது. எங்களுக்குக் கிழக்கே நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் பதிவானது. ஒரே புயலில் அமெரிக்காவில் அதுவரை யாரும் அளந்திராத மழை.

நாங்கள் இருப்பது நகரின் மேற்குப் பக்கம். சுவர்ப் பலகையை நான்கடி உயரம் வரை அறுத்து எடுத்து, ஈரமான கம்பளத்தையும் மெத்தையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தெருவோரம் மலைபோலக் குவித்து, மரச்சட்டங்கள் காய்வதற்கு ஆறு வாரம் மின்விசிறி ஓடவிட்டோம். வெள்ளக் காப்பீடு இருந்தது. ஒன்பது மாதத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. ஹூஸ்டனின் பெரும்பகுதி அடங்கிய மாவட்டமான ஹாரிஸ் கவுண்டியில் தண்ணீர் புகுந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அதே செப்டம்பரில், அலுவலக நண்பர்களோடு வடகிழக்கு ஹூஸ்டனில் உள்ள காஷ்மீர் கார்டன்ஸ் பகுதிக்குப் போய், முதியவர்கள் வீடுகளில் சேறு அள்ளினோம். பெயரில் காஷ்மீர் இருக்கிறதே என்று நானும் முதலில் வியந்தவன்தான். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே திறந்த வாய்க்கால். ஒவ்வொரு வீட்டுக்கும் வண்டி ஏறிப்போகும் இடத்தில் ஒரு சிமென்ட் குழாயை வாய்க்காலில் பதித்து மேலே மண் நிரப்பியிருப்பார்கள். எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி, தன் வீட்டு முன்னால் இருந்த குழாய்க்குள் கைத்தடியை விட்டுக் காட்டினார். தடி பாதிகூட உள்ளே போகவில்லை. மீதி எல்லாம் இறுகிப்போன வண்டல், அதில் புல் முளைத்திருந்தது. “என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இப்படித்தான், மகனே” என்றார். மகளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழாயை நான் மறந்திருப்பேன். 2021 மே மாதம் ஒரு பட்டியல் வெளியானபோது நினைவுக்கு வந்தது.

ஹார்விக்குப் பிறகு, அடுத்த வெள்ளத்தின் சேதத்தைக் குறைக்கும் பணிகளுக்காக மட்டும் வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, டெக்சஸுக்கு ஒதுக்கிய தொகை சுமார் 430 கோடி டாலர். பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மாநில நில அலுவலகத்திடம் இருந்தது. டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த 1836இல் தொடங்கிய அலுவலகம் அது. அன்றைக்கு நிலம் பங்கிட்டவர்கள் இன்றைக்கு வெள்ளப் பணம் பங்கிடுகிறார்கள். அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். ஊர்களும் கவுண்டிகளும் திட்டங்களோடு விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் போடுவார்கள், அதிகம் வாங்கியவருக்குப் பணம். முதல் சுற்றில் ஏறத்தாழ 100 கோடி டாலர் போனது. ஹூஸ்டன் நகரத்துக்குக் கிடைத்தது பூஜ்யம். ஹாரிஸ் கவுண்டிக்கும் பூஜ்யம்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். பட்டியலைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் ஒரு வகை; மதிப்பெண் அட்டவணை எங்கே என்று தேடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. அட்டவணை இணையத்திலேயே கிடைத்தது. ஒரு வரியில் நின்றேன்: திட்டத்தால் பயன்பெறுவோர், விண்ணப்பிக்கும் ஊரின் மொத்த மக்கள்தொகையில் எத்தனை சதவீதம்?

படித்தவுடன் நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நானூறு பேர் வாழும் சிற்றூர், ஊர் முழுவதுக்கும் ஒரு வடிகால் கேட்கிறது: நானூறில் நானூறு, நூறு சதவீதம். 2020 கணக்கெடுப்பின்படி 23 லட்சம் பேர் வாழும் ஹூஸ்டன், வெள்ளத்தில் அதிகம் அடிபட்ட ஒரு பகுதியில் ஒன்பதாயிரம் பேருக்கு வடிகால் கேட்கிறது: அரை சதவீதம்கூட வராது. ஒன்பதாயிரம் பேரைக் காக்கும் திட்டம் நானூறு பேரைக் காக்கும் திட்டத்திடம் தோற்கிறது. ஹூஸ்டன் அந்த வரியில் முழு மதிப்பெண் வாங்க வேண்டுமானால் 23 லட்சம் பேருக்கும் ஒரே திட்டத்தில் வடிகால் கட்ட வேண்டும். எந்தப் பொறியாளரும் அப்படி ஒரு திட்டம் வரைய மாட்டார்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குப் பின்னம் நடத்திய கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, “மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே இருப்பவன் ஆடுவான், கீழே இருப்பவன்தான் ஆட்டுவிப்பவன்” என்பார். அன்றைக்குச் சிரித்தோம். தொகுதி என்றால் தேர்தல் தொகுதி, பகுதி என்றால் நாம் குடியிருக்கும் இடம் என்று தமிழில் இரண்டு சொல்லுக்கும் இன்னொரு பொருள் இருப்பது எனக்கு உறைத்தது அந்த மதிப்பெண் அட்டவணையைப் பார்த்த இரவில்தான். யார் எந்த எண்ணைக் கீழே எழுதுகிறார்களோ அவர்கள் பணத்தைப் பங்கிட்டு முடித்துவிட்டார்கள். மீதி வெறும் வகுத்தல்.

ஊர் கொதித்ததும், ஹாரிஸ் கவுண்டிக்கு 75 கோடி டாலரை நேரடியாக ஒதுக்க அனுமதி கேட்கப்போவதாக மாநிலம் அறிவித்தது. காஷ்மீர் கார்டன்ஸ் போன்ற பகுதிகளுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் புகார் செய்தன. 2022 மார்ச்சில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை தன் முடிவைச் சொன்னது: 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தின்படி இந்தப் போட்டி இனத்தின் அடிப்படையிலும் பூர்வீகத்தின் அடிப்படையிலும் பாகுபாடு காட்டியிருக்கிறது. அந்தத் துறை சுட்டிய காரணங்களில் நான் தாளில் போட்டுப் பார்த்த அதே சதவீதமும் இருந்தது. மாநில அலுவலகம் மறுத்தது. எங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே நீங்கள்தானே என்று திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்வியிலும் உண்மை இருந்தது. வாஷிங்டனில் யாரோ ஒருவர் அதே அட்டவணையைப் பார்த்து, அதே வரியை நியாயம் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் நான் பொரிந்து தள்ளியது டாக்டர் அண்ணனிடம். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்ல. இங்கே எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் மூத்தவர். மேற்கு டெக்சஸில் ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறார். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, உங்கள் ஹூஸ்டனில் மானிய விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது. எங்கள் ஊரில் நகரச் செயலர் ஒரே ஒருத்தர். தண்ணீர்க் கட்டணம் வாங்குவதும் அந்த அம்மாதான், தெரு நாயைப் பிடிக்க ஆள் அனுப்புவதும் அந்த அம்மாதான். தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் எங்கள் ஊருக்கு எந்தக் காலத்திலாவது ஒரு குழாய் வருமா?”

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அதை அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். சிற்றூருக்குத் தனிப் பானை வையுங்கள் அண்ணா, வெளிப்படையாக வையுங்கள். பெரிய பானையில் கை விடுவதற்குச் சதவீதத்தைச் சாக்காக வைக்காதீர்கள். “பானை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

அதன் பிறகு, கணக்காளன் புத்தி, வாஷிங்டன் பணம் எங்கெங்கே எப்படிப் பிரிகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் போகிறது. அதில் நூற்றுக்கணக்கான சூத்திரங்கள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை.

கொரோனா காலத்துப் பணத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 27 அன்று சட்டமான கேர்ஸ் சட்டத்தில் அரசுகளுக்கான நிவாரண நிதி 15,000 கோடி டாலர். மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி; ஆனால் எந்த மாநிலத்துக்கும் 125 கோடி டாலருக்குக் குறையக்கூடாது. டெக்சஸுக்கு வந்தது சுமார் 1,124 கோடி. தலைக்கு 388 டாலர். கலிபோர்னியாவுக்கும் தலைக்கு அதே அளவுதான். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்குத் தலைக்கு 2,160 டாலர். செனட் சபையில் வயோமிங்குக்கும் இரண்டு இருக்கை, கலிபோர்னியாவுக்கும் இரண்டு இருக்கை என்பது நினைவிருந்தால் வியப்பு வராது. அந்தச் சபையில் மாநிலமே ஒரு ஆள்.

குறைந்தபட்சத் தொகைக்கு ஒரு நியாயம் உண்டு. எவ்வளவு சிறிய மாநிலமானாலும் ஒரு சுகாதாரத் துறை வேண்டும், ஒரு பரிசோதனைக் கூடம் வேண்டும். பாதி மக்கள் என்பதற்காகப் பாதி ஆய்வகம் கட்ட முடியாது. டாக்டர் அண்ணனின் ஊர்ச் செயலர் கதைதான் இது, மாநில அளவில். ஆனால் ஓர் ஆய்வகத்துக்கு 125 கோடியா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதே சட்டத்தில் தலைநகரம் வாஷிங்டன் டிசி பட்ட பாடு தனி. வயோமிங்கைவிட அதிக மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மற்ற மானியங்கள் பலவற்றில் அதை மாநிலமாகவே கருதுவது வழக்கம். இந்த முறை போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற ஆட்சிப்பகுதிகளோடு சேர்த்து அந்தச் சிறிய பானைக்குள் போட்டுவிட்டார்கள். 125 கோடிக்குப் பதிலாக 50 கோடிக்கும் குறைவாகக் கிடைத்தது. மேயரும் மக்களும் ஏமாற்றிவிட்டார்கள் என்று குமுறினார்கள். இங்கே ஒரு வேடிக்கை: தலைக்குக் கணக்கிட்டால் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 700 டாலர், எங்கள் டெக்சஸ்காரனுக்குக் கிடைத்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. வயோமிங்கோடு ஒப்பிட்டால் வஞ்சிக்கப்பட்டவர்கள், எங்களோடு ஒப்பிட்டால் அதிர்ஷ்டசாலிகள். 2021 மார்ச்சில் வந்த அடுத்த நிவாரணச் சட்டம் 75.5 கோடி டாலர் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தது. யாரோடு ஒப்பிட வேண்டும் என்ற வழக்கில் வயோமிங்தான் வென்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாநிலத்துக்குள் என்ன நடந்தது என்பதில்தான் என் அக்கறை அதிகம். கேர்ஸ் சட்டத்தில் ஐந்து லட்சம் மக்கள்தொகை ஒரு கோடு. அதைத் தாண்டிய நகரமோ கவுண்டியோ வாஷிங்டனிடமே நேராகப் பணம் கேட்டு வாங்கலாம். தலைக்கு மாநிலக் கணக்கில் 45 சதவீதம், அதாவது டெக்சஸில் சுமார் 174 டாலர். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் மாநில அரசு என்ன கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். டெக்சஸ் கொடுத்தது தலைக்கு 55 டாலர். தலைக்கு 55 வாங்கிய ஊரில் கொரோனா மூன்றில் ஒரு பங்கு வேகத்திலா பரவியது? டாக்டர் அண்ணன் அந்த ஆண்டு ஒரே முகக்கவசத்தை நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தவர். இந்த முறை அவர் பக்கம்தான் நியாயம் என்று நானே அழைத்துச் சொன்னேன். “பரவாயில்லையே தம்பி, வழிக்கு வந்துவிட்டீர்கள்” என்றார்.

2021 சட்டம் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. 35,000 கோடி டாலரில், சிற்றூர்களுக்கென்று 1,953 கோடியைத் தனியாக எடுத்துவைத்து, மாநிலங்களின் கை வழியாகவே அனுப்பினாலும், மக்கள்தொகைப்படி பிரித்தே ஆகவேண்டும் என்று கையைக் கட்டிவிட்டது. அண்ணன் கேட்ட பானை ஒரு தடவை அடுப்பில் ஏறியது. மாநிலங்களின் பங்கில் பெரும்பகுதியை மக்கள்தொகைக்குப் பதிலாக, 2020 கடைசிக் காலாண்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கைப்படி பிரித்தார்கள். பொது முடக்கத்தைச் சீக்கிரம் தளர்த்திய மாநிலங்களின் ஆளுநர்கள், கடையைத் திறந்துவைத்ததற்குத் தண்டனையா என்று கேட்டார்கள். மற்றவர்கள், வேலை போனவன் இருக்கும் இடத்துக்குப் பணம் போவதில் என்ன தவறு என்றார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. ஆனால் மூன்று மாதக் கணக்கை வைத்துச் சில ஆண்டுகளுக்கான பணத்தைப் பிரிப்பது, காய்ச்சல் அடிக்கும்போது எடை பார்த்துச் சட்டை தைப்பது போலத்தான்.

இந்தச் சூத்திர ஆராய்ச்சியில் என்னை உலுக்கிய ஒன்று உண்டு. கேர்ஸ் நிதியில் பழங்குடி அரசுகளுக்கென்று 800 கோடி டாலர் இருந்தது. அதில் ஒரு பகுதியை மக்கள்தொகைப்படி பிரிக்க நிதித் துறை முடிவுசெய்தது. எந்த மக்கள்தொகை? பழங்குடிகள் தாங்களே தந்த உறுப்பினர் கணக்கு கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒரு வீட்டுவசதி மானியத்துக்காக வேறொரு துறை வைத்திருந்த கணக்கை எடுத்தார்கள். ஓக்லஹோமாவில் உள்ள ஷானி பழங்குடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அந்த வீட்டுவசதிக் கணக்கில் அவர்களுக்கென்று தனி நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை. அதனால் மக்கள்தொகை பூஜ்யம். அவர்களுக்குக் குறைந்தபட்சத் தொகையான ஒரு லட்சம் டாலர் போனது. நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசியது. உயிரோடு நடமாடும் மூவாயிரம் பேர், நாங்கள் இருக்கிறோம் என்று வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது.

பழைய கதைகளும் உண்டு. 1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் பிலடெல்பியாவில் போய்க் கையெழுத்திட்ட வருவாய்ப் பகிர்வுச் சட்டம் ஐந்தாண்டுக்கு மூவாயிரம் கோடி டாலர். எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாகக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு மாநிலத்துக்கு, இரண்டு பங்கு உள்ளாட்சிக்கு. பங்கிடும் முறையில் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு சூத்திரம், செனட்டுக்கு இன்னொரு சூத்திரம். எது நியாயம் என்று விடிய விடிய வாதிட்டுவிட்டுக் கடைசியில் கண்ட சமரசம் என்ன தெரியுமா? இரண்டில் எது ஒரு மாநிலத்துக்கு அதிகம் தருகிறதோ அதையே அதற்கு வைத்துக்கொள்வது. மொத்தம் கூடிப்போனால் எல்லாருக்கும் சமமாகக் கொஞ்சம் குறைப்பது. இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்துப் பெரியவர்கள் செய்வது இதைத்தானே. அந்தத் திட்டம் 1986இல் முடிந்துபோனது.

எனக்குப் பிடித்த சூத்திரம் எது என்று கேட்டால் மெடிக்கெய்டு. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, 1965இல் தொடங்கியது. மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டுச் சராசரியால் வகுத்து, அந்த ஈவை வர்க்கம் ஆக்கி, 0.45ஆல் பெருக்கினால் வருவது மாநிலம் கட்டவேண்டிய பங்கு. மீதியை வாஷிங்டன் கட்டும். வர்க்கம் ஆக்குவதால் ஏழை மாநிலத்துக்குச் சலுகை இன்னும் கூடும். மிசிசிப்பியின் செலவில் சுமார் 77 சதவீதம் வரை வாஷிங்டன் ஏற்கிறது. கலிபோர்னியா போன்ற பணக்கார மாநிலத்துக்கும் 50க்குக் கீழே போகாது. சூத்திரம் அழகுதான், அது யாரை உள்ளே விடுகிறது என்பது வேறு விஷயம். அமெரிக்கக் குடிமக்களே வாழும், எந்த மாநிலத்தையும்விட ஏழையான போர்ட்டோ ரிக்கோவுக்கு இந்த வகுத்தல் கிடையாது. அதன் சதவீதத்தைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது, மொத்தத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு.

மறுபுறம், 1974இல் தொடங்கிய நகர வளர்ச்சி மானியத்தில் பின்னால் சேர்த்த ஒரு சூத்திரம், 1940க்கு முன் கட்டிய வீடுகளை எண்ணுகிறது. பழைய வீடு என்றால் சிதிலமான வீடு, அதில் இருப்பவர் ஏழை என்பது அன்றைய எண்ணம். அப்போது தவறில்லை. இப்போது அந்தக் காலத்து வீட்டை வாங்கி, தரையை இழைத்து மெருகேற்றி, பல லட்சம் டாலருக்கு விற்கும் புறநகர்களும் அதே கணக்கில் வருகின்றன. 1996இல் வந்த குடும்ப நல உதவித் திட்டம் அதைவிட மோசம். ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர் என்று அன்று எழுதியதுதான். விலைவாசிக்காக ஒரு டாலர்கூட ஏறவில்லை. ஒவ்வொரு மாநிலத்தின் பங்கும் அது தொண்ணூறுகளில் ஏழைகளுக்கு எவ்வளவு செலவிட்டது என்பதைப் பொறுத்தது. அன்றைக்குக் கஞ்சத்தனம் பண்ணிய மாநிலத்தில் இன்றைக்குப் பிறக்கும் ஏழைக் குழந்தைக்கும் அதே கஞ்சத்தனம் சொத்தாக வருகிறது. மிசிசிப்பியில் அந்தப் பணத்தில் கோடிக்கணக்கில் முறைகேடு என்று மாநிலத் தணிக்கையாளரே 2020இல் அறிக்கை கொடுத்தார். ஏழைக் குடும்பங்களுக்கான நிதியிலிருந்து 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகக் கைப்பந்து அரங்கத்துக்குப் போயிருந்தது. மாநிலங்களிடையே நியாயமாகப் பிரித்தாலும் உள்ளே போன பிறகு பணத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எதைச் சொல்வது.

அதற்காக மாநிலத்தைத் தாண்டி எல்லாவற்றையும் வாஷிங்டனே கொடுக்கட்டும் என்பவன் நான் அல்ல. மாநிலத் தலைநகரில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருடைய வாக்கால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி. டென்னசி மாநிலம் பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளைத் திருத்தி வரைய வேண்டும் என்று அதன் அரசமைப்பிலேயே இருந்தது. 1901க்குப் பிறகு அறுபது ஆண்டுகள் வரையவேயில்லை. ஜனங்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், இடங்கள் மட்டும் கிராமத்திலேயே இருந்தன. 1962இல் பேக்கர் எதிர் கார் (Baker v. Carr) வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்கலாம் என்றது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டன. பிறகு அரசியல் அறிஞர்கள் கணக்குப் பார்த்தபோது, மாநில அரசு கவுண்டிகளுக்குக் கொடுக்கும் பணமும் அந்த வரைகோடுகளோடு சேர்ந்தே இடம் மாறியிருந்தது. தொகுதியை மாற்றினால் பகுதிக்குப் பணம் வருகிறது. என் கணக்கு ஆசிரியர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

எல்லா ஓரவஞ்சனையையும் ஒரே கயிற்றில் கட்டவும் முடியாது. 2022 ஆகஸ்டில் மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்குக் குடிநீர் நின்றபோது, கறுப்பின மக்கள் எண்பது சதவீதத்துக்கு மேல் வாழும் நகரத்தை மாநிலம் திட்டமிட்டுப் புறக்கணித்தது என்று சிவில் உரிமைச் சங்கம் புகார் கொடுத்தது. மத்தியச் சுற்றுச்சூழல் முகமை விசாரித்துவிட்டு 2024இல், பாகுபாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. நான் எதிர்பார்த்த முடிவு அது அல்ல. குடிநீர் நிதியில் கிடைப்பது பெரும்பாலும் கடன்; கடன் வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும், வாங்கினால் கட்ட வேண்டும். மக்கள் வெளியேறி, கட்டணம் வசூலாகாத நகரம் எதை நம்பிக் கடன் கேட்கும்? யாரும் வஞ்சிக்காமலேயே ஒரு நகரம் வறண்டுபோக முடியும். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஜாக்சனுக்கு என்று தனியாக 60 கோடி டாலர் ஒதுக்கியது. சூத்திரம் ஏதும் இல்லாமல்.

இத்தனை வகுத்தலுக்கும் அடியில் கிடப்பது தலை எண்ணிக்கை. 2020 கணக்கெடுப்புக்குத் தமிழிலும் ஒரு வழிகாட்டிக் கையேடு வந்தது. அதை அச்செடுத்து, கோயிலில் பெரியவர்களோடு உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். ஆறு மாதத்துக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து, விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்ட அம்மா ஒருவர், “நான் இங்கே இருக்கிறவளா, அங்கே இருக்கிறவளா?” என்று கேட்டார். யாருக்கும் சட்டென்று பதில் தெரியவில்லை. பின்னால் கணக்கெடுப்புத் துறையே சரிபார்த்து, டெக்சஸில் 1.9 சதவீதம் குறைத்து எண்ணிவிட்டோம் என்றது. ஐந்து லட்சம் பேருக்கு மேல். டெக்சஸையும் சேர்த்து ஆறு மாநிலங்களில் இப்படிக் குறைந்தது. நியூயார்க், மினசோட்டா உட்பட எட்டு மாநிலங்களில் கூடிப்போனது. குறைந்தது தெரிந்தாலும் அதிகாரப்பூர்வ எண் மாறாது, அடுத்த கணக்கெடுப்பு வரை அதை வைத்தே வகுப்பார்கள்.

போன மாதம் டாக்டர் அண்ணன் அழைத்தார். அவர் ஊரில் மழைநீர்க் குழாய் பதிக்க ஏதோ ஒரு மானியம், வேறு திட்டம், வேறு அலுவலகம். நகரச் செயலர் அம்மாவுக்குப் படிவம் புரியவில்லையாம். “தம்பி, நீங்கள்தான் இதில் பெரிய ஆள் ஆகிவிட்டீர்களே, கொஞ்சம் பாருங்கள்.” சனிக்கிழமை காலை மூவரும் திரையில் கூடினோம். அந்த அம்மா ஊர் வரைபடத்தைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். குழாய் போகும் இடம் சிவப்புக் கோடு. நடுத்தெருவில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் வரை. ஊரின் தெற்கு மூலையில் நாற்பது ஐம்பது வீடுகள் மேட்டில் இருந்தன. அங்கே ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை என்று அண்ணனே சொன்னார்.

பன்னிரண்டாவது கேள்விக்கு வந்தோம். பயன்பெறுவோர் எத்தனை பேர், மொத்த மக்கள்தொகை எவ்வளவு, சதவீதம் என்ன.

“மேட்டு வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தானே வருகிறார்கள்” என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

காஷ்மீர் கார்டன்ஸ் பாட்டியின் கைத்தடி கண்முன் வந்து போனது. அந்த அம்மா திரையில் காத்திருந்தார். அவர் பின்னால் தண்ணீர்க் கட்டணம் கட்ட யாரோ வந்து நின்றார்கள். நான் முதல் கட்டத்தில் 612 என்று தட்டினேன். இரண்டாவது கட்டத்திலும் 612. மூன்றாவது கட்டத்தைப் படிவமே நிரப்பிக்கொண்டது.